வீடு பறிபோகும் நிலையில் கவுன்சிலிடம் போவது: இங்கிலாந்துத் தமிழருக்கான கேள்வி பதில்

சில வருடங்களாக லண்டனில் தமிழ் ஆட்களோடு கவுன்சில் வீட்டு அலுவலகங்களுக்குப் போய் வருகிறேன். மொழிபெயர்ப்பேன், படிவம் நிரப்புவேன், சில நேரம் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பேன். ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன, ஒரே பிழைகளும்தான். அதனால் எழுதி வைக்கிறேன்.

இது இங்கிலாந்துக்கான சட்டம். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் சட்டம் வேறு. கிளாஸ்கோவில் இருப்பவர் இதை நம்பிப் போய் நிற்க வேண்டாம். அடிப்படை 1996ஆம் ஆண்டின் வீட்டுச் சட்டம். 2018 ஏப்ரல் 3 முதல் நடைமுறைக்கு வந்த வீடின்மைக் குறைப்புச் சட்டம் அதைப் பெரிதாக மாற்றியது. பத்து வருடத்துக்கு முன் கவுன்சிலுக்குப் போன மாமா சொல்லும் கதை இன்றைக்குப் பொருந்தாமல் போவதற்கு இதுவே காரணம்.

நோட்டீஸ் முடியும் வரை இருந்துவிட்டுப் போகலாமா?

வேண்டாம், இந்தக் கிழமையே போங்கள். இன்னும் 56 நாட்களுக்குள் வீடு இல்லாமல் போகக்கூடும் என்றால், கவுன்சிலுக்கு அதைத் தடுக்க முயலும் கடமை வந்துவிடுகிறது. இதை ‘பிரிவென்ஷன் டியூட்டி’ என்பார்கள். இந்தக் கட்டத்தில் பிள்ளை இருக்கிறதா, நோய் இருக்கிறதா என்பதெல்லாம் கணக்கில் இல்லை. தனி ஆளுக்கும் உண்டு, விசா மட்டும் சரியாக இருக்க வேண்டும். வீட்டுக்காரரோடு கவுன்சில் பேசலாம், வாடகைப் பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டலாம், புது வீட்டுக்கு டெபாசிட் கொடுக்கலாம். எல்லாக் கவுன்சிலும் எல்லாம் செய்யும் என்றில்லை. ஆனால் வீடு கையில் இருக்கும்போது கேட்பவருக்குக் கிடைப்பது, சூட்கேஸோடு வந்து நிற்பவருக்குக் கிடைப்பதில்லை.

நம் ஆட்கள் கடைசி நாள் வரை போகமாட்டார்கள். சட்டம் தெரியாததால் மட்டுமல்ல, மானப் பிரச்சினை. கவுன்சிலில் போய் நின்றால் கோயிலில் யார் பார்ப்பார்களோ, ஊரில் அம்மாவுக்குக் கதை போய்விடுமோ என்ற பயம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் நாலு மாத நோட்டீஸையும் ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்து, பெய்லிஃப் (கோர்ட் உத்தரவோடு வீட்டைக் காலிசெய்ய வருபவர்) வருவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது என்னை அழைத்தது. அந்த நாலு மாதத்தில் செய்யக்கூடியது எத்தனையோ இருந்தது.

‘ஹோம்லெஸ்’ என்றால் ரோட்டில் படுப்பவர்தானே? நான் தங்கச்சி வீட்டு ஹோலில் படுக்கிறேன்.

நீங்களும் ஹோம்லெஸ்தான். சட்டப்படி, உரிமையோடு இருக்கக்கூடிய, இருப்பது நியாயமான ஒரு வீடு இல்லாதவர் வீடற்றவர். தங்கச்சி இரக்கப்பட்டு இடம் தருவது உரிமை ஆகாது. அவர் நாளைக்கே போகச் சொல்லலாம். வீட்டில் அடி உதை இருந்தாலும், அந்த மிரட்டல் இருந்தாலும், கூரை தலைக்கு மேல் இருக்கும்போதே நீங்கள் வீடற்றவர். வீடு மனிதர் இருக்கவே முடியாத நிலையில் இருந்தாலும், வாடகை உங்களால் கட்டவே முடியாத அளவில் இருந்தாலும் அப்படி வாதாடலாம். நெருக்கடியான வீடு என்பது மட்டும் பெரும்பாலும் எடுபடாது, ஏனென்றால் லண்டனில் பாதிப் பேர் நெருக்கடியில்தான் இருக்கிறார்கள்.

ஒன்று கவனியுங்கள். ஆபிசர் “இப்போது எங்கே இருக்கிறீர்கள்?” என்று கேட்டதும் நாம் மரியாதைக்காக, “அண்ணா வீட்டில் இருக்கிறன், அவர் நல்லாப் பார்க்கிறார்” என்று சொல்லிவிடுவோம். நம் காதில் அது அண்ணாவுக்குச் சொல்லும் நன்றி. ஆபிசர் எழுதுவதோ, இவருக்கு இருக்க இடம் இருக்கிறது என்று. அண்ணா எப்போது போகச் சொன்னார், எத்தனை பேர் ஒரு அறையில், எங்கே படுக்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். அண்ணாவிடம் இந்தத் திகதிக்கு மேல் வைத்திருக்க முடியாது என்று ஒரு கடிதமும் வாங்குங்கள். அவரைக் காட்டிக்கொடுப்பதாக நினைக்க வேண்டாம்.

எந்தக் கவுன்சிலுக்குப் போவது? நான் வேலை செய்வது ஹாரோவில், இருப்பது நியூஹாமில்.

எதற்கும் போகலாம். உங்கள் விண்ணப்பத்தை வாங்க மாட்டோம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. ஆனால் வீடு ஏற்கெனவே போய்விட்டிருந்தால், உங்களோடு தொடர்பில்லாத கவுன்சில், தொடர்புள்ள இன்னொன்றுக்கு உங்களை அனுப்பலாம். கடைசி 12 மாதத்தில் 6 மாதம் அல்லது கடைசி 5 வருடத்தில் 3 வருடம் அங்கே இருந்தது, அங்கே நிரந்தரமாக வேலை செய்வது, பெற்றோரோ சகோதரரோ வளர்ந்த பிள்ளையோ அங்கே நீண்ட காலம் இருப்பது ஆகியவை தொடர்பாக எடுக்கப்படும். உங்களுக்கு நியூஹாம், ஹாரோ இரண்டிலும் தொடர்பு இருக்கிறது.

அனுப்பும் இடத்தில் உங்களுக்கு அடிதடி ஆபத்து இருந்தால் அனுப்பக் கூடாது. இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அகதி அந்தஸ்து கிடைத்துவிட்டது. ஹோம் ஒஃபிஸ் வீட்டை விடச் சொல்கிறது. லண்டனில் சொந்தக்காரர் இருக்கிறார்கள், அங்கே போகலாமா?

போகலாம், ஆனால் ஒரு சிக்கலைத் தெரிந்துகொண்டு போங்கள். தஞ்சக் கோரிக்கை நடக்கும்போது ஹோம் ஒஃபிஸ் உங்களை எந்த ஊரில் குடியமர்த்தியதோ அந்த ஊர்க் கவுன்சிலோடு உங்களுக்குத் தொடர்பு உண்டு என்கிறது சட்டம். மிடில்ஸ்பரோவில் ஒரு வருடம் வைத்திருந்தால் நியூஹாம் கவுன்சில் உங்களை மிடில்ஸ்பரோவுக்கே திருப்பிவிடலாம். லண்டனில் நெருங்கிய குடும்பம் இருந்தால் வாதாட இடமுண்டு. ஒன்றுவிட்ட சகோதரனும், ஒரே ஊர்க்காரரும் அந்தக் கணக்கில் பெரும்பாலும் வரமாட்டார்கள்.

வீட்டை விடச் சொல்லும் கடிதம் கையில் வந்த அன்றே அந்த ஊர்க் கவுன்சிலிடம் பதியுங்கள். ஈ-விசாவையும் யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகையையும் அதே கிழமை பார்க்க வேண்டும். இந்த இடைவெளியில்தான் எங்கள் பெடியள் பலர் தெருவுக்கு வருகிறார்கள்.

என் விசாவுக்குக் கவுன்சில் உதவி கிடைக்குமா?

எல்லாம் நிற்பதும் விழுவதும் இந்த இடத்தில்தான்.

பிரிட்டிஷ் குடியுரிமை, நிரந்தர வதிவிடம், அகதி அந்தஸ்து, மனிதாபிமானப் பாதுகாப்பு இருப்பவர்களுக்கு வழி திறந்திருக்கிறது. பிரிட்டிஷ் ஆட்களும் நிரந்தர வதிவிடக்காரரும் நீண்ட காலம் ஊரில் இருந்துவிட்டுத் திரும்பி வந்த உடனே போனால், இங்கே வழக்கமாக வசிப்பவரா என்ற சோதனை ஒன்று குறுக்கே நிற்கும். யாழ்ப்பாணத்தில் மூன்று வருடம் இருந்துவிட்டு வந்து இறங்கிய அன்றே போய்க் கேட்டால் அதில் அடிபடுவீர்கள்.

பிரான்ஸ், ஜேர்மனி, நெதர்லாந்து பாஸ்போர்ட்டோடு வந்த தமிழர் இங்கே ஏராளம். அவர்களில் ‘செட்டில்ட் ஸ்டேட்டஸ்’ (ஐரோப்பியக் குடிமக்களுக்கான நிரந்தர வதிவிடம்) உள்ளவருக்குப் பிரச்சினை குறைவு. ‘ப்ரீ செட்டில்ட்’ மட்டும் இருந்தால் அது தனியே போதாது. வேலை செய்பவர் என்பது போன்ற இன்னொரு உரிமையும் காட்ட வேண்டும். பே ஸ்லிப்புகளை எறியாதீர்கள்.

மாணவர் விசா, கெயர் வேலைக்கு வந்த விசா, மற்ற வேலை விசாக்கள், பெரும்பாலான துணைவர் விசாக்கள் எல்லாவற்றிலும் ‘நோ ரிகோர்ஸ் டு பப்ளிக் ஃபண்ட்ஸ்’, அதாவது அரசின் பொது உதவி எடுக்க முடியாது, என்று எழுதியிருக்கும். அந்த வரி இருந்தால் வீடின்மை உதவி இல்லை. கெயர் கொம்பனி லைசென்ஸ் போய், வேலையும் அறையும் ஒரே நாளில் இழந்து வந்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள், திருச்சிக்காரரும் உண்டு, வவுனியாக்காரரும் உண்டு. அவர்களிடம் கவுன்சில் வீட்டுப் பிரிவுக்குப் போங்கள் என்று நான் சொல்வதில்லை. பிள்ளை இருந்தால் அதே கவுன்சிலின் சோஷியல் சர்வீஸ் பிரிவுக்குப் போகச் சொல்கிறேன். 1989ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம் 17ஆம் பிரிவின்படி, தேவையில் இருக்கும் பிள்ளைக்காக அவர்கள் குடும்பத்துக்கு இடமும் காசும் கொடுக்கலாம். கடும் நோயோ உடல் இயலாமையோ இருந்தால் பெரியவருக்கும் 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தில் வழி உண்டு. துணைவர் விசா போன்ற குடும்ப விசாக்காரர் கையில் காசில்லாமல் போனால், அந்த வரியை நீக்கச் சொல்லி ஹோம் ஒஃபிஸிடம் விண்ணப்பிக்கலாம். மற்றவர்கள் முதலில் குடிவரவுச் சொலிசிட்டரைப் பாருங்கள்.

அப்பா அம்மாவை ஸ்பொன்சர் பண்ணி எடுத்தோம். எங்களோடு ஒத்துவரவில்லை. அவர்களுக்கு நிரந்தர வதிவிடம் இருக்கிறதே?

பராமரிப்பதாக நீங்கள் கையெழுத்து வைத்து எடுத்திருந்தால், அவர்கள் வந்து 5 வருடம் முடியும் வரை கவுன்சில் உதவிக்குத் தகுதி இல்லை. கையெழுத்து வைத்தவர் இறந்துவிட்டால் மட்டும் விலக்கு. இதைக் கேட்டு அழுத பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன், அழுத பெற்றோரையும் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்காரர் நோட்டீஸ் தந்துவிட்டார். திகதி முடிந்ததும் வெளிக்கிட வேண்டுமா?

இல்லை. நோட்டீஸ் என்பது ஆரம்பம்தான். அதன் பின் அவர் கோர்ட்டுக்குப் போய் உத்தரவு எடுக்க வேண்டும், அதன் பின்னும் நீங்கள் இருந்தால் பெய்லிஃப் வர வேண்டும். பெய்லிஃப் வருவதற்குக் குறைந்தது 14 நாள் முன்னறிவிப்பு வரும். கோர்ட் உத்தரவில்லாமல் பூட்டை மாற்றுவதும், மின்சாரத்தை வெட்டுவதும், சாமான்களை வெளியே வைப்பதும் 1977ஆம் ஆண்டின் வெளியேற்றப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

காரணம் சொல்லாமல் எழுப்பும் செக்‌ஷன் 21 நோட்டீஸைத் தனியார் வாடகை வீடுகளில் 2026 மே 1 முதல் புதிதாகக் கொடுக்க முடியாது. 2025இல் நிறைவேறிய வாடகைக்காரர் உரிமைச் சட்டம் அதை எடுத்துவிட்டது. அதற்கு முன் கொடுத்த நோட்டீஸை வைத்துக் கோர்ட்டுக்குப் போக 2026 ஜூலை 31தான் கடைசி எல்லை. இனிக் காரணம் காட்ட வேண்டும். வீட்டை விற்கப் போகிறேன், நானே குடிவரப் போகிறேன் என்றால் 4 மாத நோட்டீஸ். அதுவும் நீங்கள் குடிவந்து முதல் 12 மாதத்துக்குள் வெளியேற்ற முடியாது. மூன்று மாத வாடகைப் பாக்கி என்றால் 4 கிழமை நோட்டீஸ் போதும். ஆகவே பாக்கி வைத்தவர்தான் மிக வேகமாக ஓட வேண்டியவர்.

நோட்டீஸ் கையில் வந்ததுமே இலவச வழக்கறிஞர் ஆலோசனை கிடைக்கும். 2023 ஆகஸ்ட் 1 முதல் அரசு நடத்தும் வீடு இழப்புத் தடுப்பு ஆலோசனைச் சேவை இது. வருமானம் பார்ப்பதில்லை. கோர்ட் நாளிலும் அங்கேயே ஒரு வழக்கறிஞர் நிற்பார். இதைப் பற்றி நம் ஆட்களிடம் கேட்டால் பத்தில் ஒருவருக்குக்கூடத் தெரிவதில்லை. கோர்ட் கடிதம் என்றால் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு விளக்கு வைக்கிறார்கள்.

தானாக வெளிக்கிட்டால் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதைக் கீழே சொல்கிறேன்.

தமிழ் ஆட்கள் வீட்டில் ஒரு ரூம். ஒப்பந்தம் இல்லை, கையில் காசு கொடுக்கிறேன். எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருந்து, சமையலறையோ குளியலறையோ உங்களோடு பகிர்கிறாரா? அப்படியென்றால் உங்கள் பாதுகாப்பு மிகவும் மெல்லியது. கோர்ட் தேவையில்லை. நியாயமான அவகாசம் கொடுத்தால் போதும், அது வாய்ச்சொல்லாகவும் இருக்கலாம். கிழமை வாடகை என்றால் ஒரு கிழமைகூட நியாயம் ஆகிவிடும்.

வீட்டுக்காரர் வேறெங்கோ இருந்துகொண்டு ஐந்து ரூம்களை ஐந்து பேருக்கு விட்டிருந்தால் கதை வேறு. ஒப்பந்தத் தாள் இல்லாவிட்டாலும் நீங்கள் பெரும்பாலும் வாடகைக்காரர்தான், கோர்ட் உத்தரவு வேண்டும். தாள் இல்லை என்பதால் உரிமை இல்லை என்று வீட்டுக்காரர் சொல்வதை நம்பாதீர்கள்.

இரண்டு நிலையிலும் வாடகைக்குத் தடயம் வைத்திருங்கள். இனிமேலாவது பேங்கில் போடுங்கள். அது முடியாவிட்டால், “இந்த மாசம் 600 தந்துவிட்டேன் அண்ணை” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி, அதற்கு அவர் “சரி” என்று ஒரு பதில். கவுன்சிலில் பலமுறை அந்த “சரி”தான் கைகொடுத்திருக்கிறது.

முதல் நாள் என்ன நடக்கும்? என்ன கொண்டு போக வேண்டும்?

இப்போது பெரும்பாலான கவுன்சில்களில் முதலில் இணையத்தில் பதியச் சொல்வார்கள், பிறகு போனில் அழைப்பார்கள். இணையம் முடியாவிட்டால் நேரே போங்கள். படிவம் நிரப்பினால்தான் விண்ணப்பம் என்று சட்டத்தில் இல்லை. வீடு போகப் போகிறது என்று வாயால் சொன்னாலும் அவர்கள் விசாரிக்க வேண்டும்.

பாஸ்போர்ட் அல்லது ஈ-விசா, நோட்டீஸ், வாடகைத் தடயம், பேங்க் கணக்கு, பே ஸ்லிப், பெனிபிட் கடிதம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், மருந்துப் பட்டியல் எல்லாம் வேண்டும். ஏதாவது இல்லை என்பதற்காகப் போகாமல் இருக்காதீர்கள்.

ஆபிசர் உங்கள் நிலையைக் கேட்டுப் ‘பெர்சனல் ஹவுசிங் பிளான்’ என்று ஒன்று எழுதித் தருவார். அவர்கள் என்ன செய்வார்கள், நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று அதில் இருக்கும். பார்க்காமல் சம்மதம் சொல்லாதீர்கள். ‘கிழமைக்கு 20 வீடு பார்க்க வேண்டும்’ என்பது போல முடியாதது எதுவும் இருந்தால் அங்கேயே சொல்லி மாற்றுங்கள். அதை நீங்கள் செய்யவில்லை என்று பிறகு உங்கள் மேலேயே திருப்புவார்கள். வீடு போன பிறகும் உதவ இன்னொரு 56 நாள் கடமை உண்டு, ‘ரிலீஃப் டியூட்டி’ என்பது அதுதான். அதுவும் முடிந்தால்தான் முழுக் கடமையா (நீங்கள் இருக்க இடம் தந்தே ஆக வேண்டிய கடமை) இல்லையா என்ற முடிவு வரும்.

வீடு திரும்பியதும் இன்று யாரோடு கதைத்தேன், என்ன சொன்னார்கள் என்று இரண்டு வரி ஈமெயில் அனுப்பிவிடுங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் அதைச் செய்யுங்கள். போனில் சொன்னது காற்றில் போய்விடும்.

இங்கிலிஷ் வராது. மகளைக் கூட்டிப் போகட்டுமா?

வேண்டாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், காசில்லாமல் ஒழுங்கு செய்வார்கள், பெரும்பாலும் போனில். தகப்பன் அடித்ததையும் கடன்பட்டதையும் பத்து வயதுப் பிள்ளை மொழிபெயர்க்கக் கூடாது. தமிழ்நாட்டு மொழிபெயர்ப்பாளர் வந்து நம் பேச்சு விளங்காவிட்டால் இலங்கைத் தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. மறுபக்கமும் அப்படியே.

“பெய்லிஃப் வரும் வரை வீட்டிலேயே இருங்கள்” என்கிறார்கள். அது சரியா?

பரவலாகச் சொல்வார்கள், ஆனால் அதைப் பொதுக் கொள்கையாக வைக்கக் கூடாது என்று அரசின் வழிகாட்டி நூலே கவுன்சில்களுக்குச் சொல்கிறது. கோர்ட் போகச் சொன்ன திகதிக்குப் பிறகும் அங்கே இருப்பது நியாயம் என்று சொல்வது மிகக் கடினம் என்பதும் அதில் இருக்கிறது. பெய்லிஃப் வரை இருந்தால் கோர்ட் செலவு உங்கள் தலையில் விழலாம் என்று எடுத்துச் சொல்லுங்கள். அதற்காகக் கோபத்தில் சாவியைக் கொடுத்துவிட்டும் வந்துவிடாதீர்கள். வெளிக்கிடுவதற்கு முன் சட்ட ஆலோசனை, இதில் சமரசம் வேண்டாம்.

இன்றிரவு படுக்க இடம் தருவார்களா?

மூன்று விஷயம் இருக்கலாம் என்று நம்பக் காரணம் இருந்தால் போதும்: விசா சரி, வீடு இல்லை, ‘பிரயோரிட்டி நீட்’ என்ற முன்னுரிமை இருக்கிறது. முழுதாக நிரூபித்த பிறகு வா என்று சொல்லக் கூடாது. முதலில் இடம், பிறகு விசாரணை.

கர்ப்பிணி, பிள்ளைகளோடு இருப்பவர், 16 அல்லது 17 வயதினர், கவுன்சில் பராமரிப்பில் வளர்ந்த 18 முதல் 20 வயதினர், தீ வெள்ளத்தில் வீடிழந்தவர், குடும்ப வன்முறையிலிருந்து தப்பியவர் ஆகியோருக்கு இந்த முன்னுரிமை உண்டு. வயது, நோய், இயலாமை போன்றவற்றால் பலவீனமானவருக்கும் உண்டு.

நான் தனி ஆண், 52 வயது. சர்க்கரை இருக்கிறது, இரவில் தூக்கமில்லை. எனக்கு?

சர்க்கரை மட்டும் போதாது. 2015இல் உச்ச நீதிமன்றம் ஹோட்டாக் வழக்கில் ஒரு அளவுகோல் வைத்தது: வீடில்லாமல் போன சாதாரண மனிதன் ஒருவனைவிட நீங்கள் குறிப்பிடத்தக்க அளவு அதிகம் பாதிக்கப்படுவீர்களா? தெருவில் வாழும் மற்றவரோடு ஒப்பிடக் கூடாது என்றும் சொன்னது. ஆகவே நோயின் பெயரைச் சொல்வது வீண். ஒரு இரவு வெளியில் இருந்தால் உங்கள் உடலுக்கும் மனசுக்கும் என்ன நடக்கும் என்பதுதான் கேள்வி. இன்சுலினைக் குளிரில் எங்கே வைப்பது, காலில் புண் இருந்தால் என்ன ஆகும், எத்தனை முறை ஆஸ்பத்திரியில் கிடந்தீர்கள், இவையெல்லாம் ஜீபியின் (குடும்ப டொக்டரின்) கடிதத்தில் வர வேண்டும்.

இன்னொன்று. தூக்கமில்லை என்று சொல்லிவிட்டு ஏன் என்று சொல்லாமல் வருபவர்கள் நம்மில் நிறைய. முகாமில் நடந்தது, தடுப்பில் நடந்தது, முதுகில் உள்ள தழும்பு. ஜீபியிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள். பதிவில் இல்லாததைக் கவுன்சிலின் மருத்துவ ஆலோசகர் காகிதத்தைப் பார்த்துவிட்டு மறுத்துவிடுவார். எல்லாவற்றையும் ஆபிசரிடம் கொட்ட வேண்டியதில்லை. ஜீபியிடம் சொல்லுங்கள், மனநல சிகிச்சைக்கு அனுப்பக் கேளுங்கள், அந்தக் கடிதம் உங்களுக்காகப் பேசட்டும்.

முன்னுரிமை இல்லை என்று முடிவானாலும் மேலே சொன்ன இரண்டு 56 நாள் கடமைகளும் உண்டு, இரவுக்கு இடம்தான் கட்டாயமில்லை. குளிர் காலத்தில் பல கவுன்சில்கள் அவசரத் தங்குமிடம் திறக்கும்.

தரும் இடம் எப்படி இருக்கும்?

மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். ஒரே அறை, நாலு பேர், சமையலறை பக்கத்து ஆட்களோடு. பிள்ளைகளோ கர்ப்பிணியோ உள்ள குடும்பத்தைப் பகிர்ந்து வாழும் பி அண்ட் பி விடுதியில் வைப்பதானால் வேறு வழியே இல்லாதபோது மட்டும், அதுவும் 6 கிழமைக்கு மேல் கூடாது. ஆறாவது கிழமை முடியும் நாளைக் கலண்டரில் குறித்து வையுங்கள், கவுன்சில் தானாக ஞாபகப்படுத்தாது. இங்கிலாந்தில் இப்படித் தற்காலிக இடங்களில் இருக்கும் குடும்பங்களும் தனியாட்களும் சேர்ந்தால் 1,30,000க்கு மேல். அதனால் ‘தற்காலிகம்’ லண்டனில் வருடக்கணக்கில் நீள்கிறது.

இது இலவசமும் இல்லை. வாடகை உண்டு. யுனிவர்சல் கிரெடிட் எடுப்பவரும் இந்த இடத்து வாடகைக்குக் கவுன்சிலிடம் ஹவுசிங் பெனிபிட் தனியாகக் கேட்க வேண்டும். இது தெரியாமல் ஆயிரக்கணக்கான பவுண் பாக்கியாகி, அந்தப் பாக்கிக்காகவே மறுபடி சிக்கலில் மாட்டியவர்களைத் தெரியும். சேர்ந்த அன்றே விண்ணப்பியுங்கள்.

தூர ஊருக்கு அனுப்பலாமா? அனுப்புகிறார்கள். 2015இல், ஐந்து பிள்ளைகளின் தாய் ஒருவரை வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் மில்டன் கீன்ஸ் பக்கம் அனுப்பப் பார்த்த வழக்கில், முடிந்தவரை தன் எல்லைக்குள்ளேயே வைக்க வேண்டும், முடியாவிட்டால் அருகில், ஏன் முடியவில்லை என்று காரணமும் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பிள்ளையின் பரீட்சை வருடம், ஆஸ்பத்திரிச் சிகிச்சை, நீங்கள் பராமரிக்கும் வயதானவர் பற்றியெல்லாம் எழுத்தில் கொடுங்கள்.

சாமான்களைப் பாதுகாக்கும் கடமையும் கவுன்சிலுக்கு வரலாம். அதற்குக் காசு எடுப்பார்கள். சாமிப்படங்களையும் ஊர் உறுதிகளையும் உங்களோடு வைத்திருங்கள்.

‘இன்டென்ஷனலி ஹோம்லெஸ்’ என்று எழுதிவிட்டார்கள். அப்படி என்றால்?

வேண்டுமென்றே செய்த ஒரு செயலால், இருக்கக்கூடிய வீட்டை நீங்களே இழந்தீர்கள் என்று அர்த்தம். வாடகை கட்டக் காசிருந்தும் கட்டாதது, நியாயமில்லாமல் வீட்டை விட்டது போன்றவை. இந்த முடிவு வந்தால் முழுக் கடமை இல்லை. முன்னுரிமை உள்ளவருக்குக் கொஞ்சக் காலம் மட்டும் இடம் தந்து, நீங்களே தேடச் சொல்வார்கள்.

எல்லா வாடகைப் பாக்கியும் வேண்டுமென்றே ஆகாது. பர்மிங்காமில் நாலு பிள்ளைகளின் தாய் ஒருவருக்கு மாத வாடகை 700 பவுண், பெனிபிட்டில் வந்தது 548.51 பவுண். மீதி 151.49 பவுணை மற்றச் செலவைக் குறைத்துக் கட்டியிருக்கலாம் என்றது கவுன்சில். 2019இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தாய் பக்கம் நின்றது: பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு வரும் காசு வாடகை ஓட்டையை அடைப்பதற்கல்ல. ஆகவே உங்கள் வரவு செலவை எழுதிக் காட்டுங்கள். இங்கே ஒரு நெளிவு. ஊருக்கு மாதாமாதம் காசு அனுப்புவதையும், சீட்டுக் கட்டுவதையும் பேங்க் கணக்கில் பார்ப்பார்கள், வாடகையை விட்டுவிட்டு இதைக் கட்டினாயா என்று கேட்பார்கள். அம்மாவின் மருந்துக்கு அனுப்பியதென்றால் அதற்கும் தடயம் தேடி வையுங்கள்.

கணவர் அடிக்கிறார். வீடு அவர் பெயரில். விசாவும் அவரால்தான்.

ஆபத்து என்றால் 999. தேசியக் குடும்ப வன்முறை உதவி எண் 0808 2000 247, நாள் முழுதும், காசில்லை, மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம்.

வீடு யார் பெயரில் என்பது முக்கியமில்லை. 2021 ஜூலை 5 முதல், குடும்ப வன்முறையால் வீடற்றவருக்கு முன்னுரிமை தானாகவே உண்டு, பிள்ளை இருக்க வேண்டியதில்லை. அடி மட்டுமல்ல, மிரட்டல், காசைப் பிடுங்குதல், வீட்டுக்குள் பூட்டி வைத்தல், பாஸ்போர்ட்டை ஒளித்தல் எல்லாம் வன்முறைதான். பொலிஸ் ரிப்போர்ட் இருந்தால்தான் என்று கவுன்சில் அடம்பிடிக்கக் கூடாது. வேறு ஊர்க் கவுன்சிலுக்கும் போகலாம்.

துணைவர் விசாவில் இருப்பவர் ஹோம் ஒஃபிஸிடம் வன்முறைக்கு ஆளான குடியேறியவருக்கான சலுகை கேட்கலாம். மூன்று மாதத்துக்குப் பொது உதவி எடுக்கும் அனுமதி கிடைக்கும். மாணவர், வேலை விசாக்காரரின் துணைவருக்கும் 2024 முதல் இது உண்டு. ஆனால் பழைய விசாவை இது மாற்றிவிடும் என்பதால், விண்ணப்பிப்பதற்கு முன் குடிவரவு ஆலோசனை எடுக்க வேண்டும். உங்களை ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்று அவர் சொல்வதை நம்பாதீர்கள், விசாவை ரத்துச் செய்வது அவர் கையில் இல்லை. பெரியவர்கள் கூடிப் பேசி முடிக்கலாம் என்று சொந்தக்காரர் சொன்னால், அவர்கள் யாருடைய நிம்மதிக்காகச் சொல்கிறார்கள் என்று பாருங்கள்.

வீடு ஒன்று காட்டினார்கள். பிடிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லலாமா?

சொன்னால் கவுன்சிலின் கடமை அத்தோடு முடிந்துவிடலாம். காட்டுவது கவுன்சில் வீடாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை, 2012 முதல் தனியார் வாடகை வீட்டைக் காட்டியும் முடிக்கலாம். பாதுகாப்பான வழி: ஏற்றுக்கொள்ளுங்கள், குடிபோங்கள், அதே நேரத்தில் இந்த வீடு பொருத்தமில்லை என்று மறுபரிசீலனை கேளுங்கள். இரண்டும் ஒன்றாகச் செய்யலாம். தென்மேற்கு மூலையில் கழிப்பறை என்று ஒரு குடும்பம் வேண்டாம் என்றது. அந்தக் குடும்பம் அதன்பின் அலைந்ததை இங்கே எழுதவில்லை.

இல்லை என்று கடிதம் வந்துவிட்டது.

கடிதத் திகதியிலிருந்து நாட்களை எண்ணத் தொடங்குங்கள். மறுபரிசீலனை கேட்க 21 நாள். கேட்டால் பொதுவாக 8 கிழமைக்குள் பதில் வர வேண்டும். அதுவும் பாதகமென்றால் சட்டப் பிழை இருந்தால் கவுண்டி கோர்ட்டுக்குப் போக மறுபடி 21 நாள். “மறுபரிசீலனை வேண்டும், காரணங்கள் பின்னால் வரும்” என்று ஒரே வரி ஈமெயில் போட்டாலும் முதல் 21 நாள் காப்பாற்றப்படும்.

வருமானம் குறைந்தவருக்கு லீகல் எயிட் (அரசு காசு கொடுக்கும்) சொலிசிட்டர் கிடைப்பார். ஷெல்டர் அமைப்பின் அவசர எண் 0808 800 4444. சிட்டிசன்ஸ் அட்வைஸும், உங்கள் பகுதியில் இருந்தால் லோ சென்டர் என்ற சட்ட உதவி நிலையமும் உதவும். கடிதமே தராமல் வாயால் இல்லை என்று அனுப்பினார்களா? முடிவை எழுத்தில் தாருங்கள் என்று கேளுங்கள். பல இடங்களில் அந்த ஒரு வார்த்தைக்கே மேலதிகாரி எழுந்து வருவார்.

ஊரில் வீடும் காணியும் இருக்கிறது. சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும். வேறெங்கும் இருக்க இடமில்லையா என்பதில் வெளிநாடும் அடக்கம். ஆனால் தம்பி குடியிருக்கும் வீடு, உங்களால் போய் வாழ முடியாத வீடு, அகதியாக ஓடிவந்த நாட்டிலுள்ள வீடு ஆகியவை இருக்கக்கூடிய இடம் ஆகாது என்று விளக்கலாம். பெனிபிட் விஷயம் தனி. யுனிவர்சல் கிரெடிட்டுக்குச் சொத்து எல்லை 16,000 பவுண், ஊர்க் காணியும் அதில் எண்ணப்படலாம். மறைத்துப் பிடிபட்டால் குற்ற வழக்கு வரை போகும்.

2,000 பவுண் கொடுத்தால் கவுன்சில் வீடு எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார்.

ஏமாற்று. கவுன்சில் குடியிருப்பாளர் தன் வீட்டை முழுதாக இன்னொருவருக்கு வாடகைக்கு விடுவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். காசு வாங்கிய ஆள் மறைந்துவிடுவார், நீங்கள் நடுத்தெருவில் நிற்பீர்கள். கவுன்சில் வீட்டுக்கான பட்டியல் வேறு, வீடின்மை விண்ணப்பம் வேறு. இரண்டிலும் பதியுங்கள், இரண்டுக்கும் காசு இல்லை.

ஞாயிறு இரவு பத்து மணி. வேலையால் வந்தேன், பூட்டை மாற்றிவிட்டார்கள்.

கவுன்சிலின் அலுவலக நேரத்துக்குப் பிந்திய எண்ணை எடுங்கள், அவர்களது இணையத்தளத்தில் இருக்கும். எடுக்கும் வரை விடாதீர்கள். பொலிஸுக்கும் அழையுங்கள். “இது சிவில் பிரச்சினை” என்று பொலிஸார் தட்டிக்கழிக்கப் பார்த்தால், 1977ஆம் ஆண்டின் வெளியேற்றப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம் என்று சொல்லி முறைப்பாட்டு எண்ணைக் கேளுங்கள். பூட்டைப் படம் எடுங்கள். வீட்டுக்காரருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்: “நான் வெளியே நிற்கிறேன், என்னை உள்ளே விடுங்கள்.” அவர் பதில் எதுவாக இருந்தாலும், பதிலே வராவிட்டாலும், நேரத்தோடு அது போனில் இருக்கும். திங்கள் காலை ஒன்பது மணிக்குக் கவுன்சில் வாசலில் அந்தப் போனோடு நில்லுங்கள், சார்ஜரையும் கொண்டு போங்கள்.